மூடிக்கு அடியில் மஞ்சள்

"ஒரே மருந்து. அதை எதுக்கு மேடம் தொட்டி மாத்தி ஊத்தணும்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

மருந்துத் தொழிற்சாலைகளில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம். ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இந்த அறைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேலை சொல்லித்தரும் அமலோற்பவத்துக்கு அவருடைய மகள் வயது.

முதல் தொட்டியில் மருந்தோடு அமிலம் கலக்க வேண்டும். பிறகு சுத்தமான இரண்டாம் தொட்டிக்கு மாற்றி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ரத்தத்தோடு வந்திருக்கக்கூடிய வைரஸ் அந்த அமிலத்தில்தான் சாகும். நோயைத் தாங்கும் சக்தியே இல்லாத குழந்தைகளுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து அது.

"வீடு மாத்தினாத்தான் வைரஸ் சாகுமோ?"

அவரே சிரித்துக்கொண்டார்.

அமலோற்பவம் ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மூடிக் கொடுத்தார்.

"குலுக்குங்க அண்ணே."

குலுக்கினார். மூடி இடுக்கில் கசிந்து விரலெல்லாம் வழிந்தது.

"இப்ப திறந்து, சுண்ணாம்புத் தண்ணியை ஊத்துங்க."

ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது.

"முழுசா மாறிடுச்சா?"

"துளி மிச்சமில்ல."

"மூடியைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். அடியில் மூன்று துளிகள், மஞ்சளாகவே.

அமிலம் கலக்கும் முன்பே தொட்டியின் மூடியில் தெறித்து ஒட்டிக்கொள்ளும் மருந்து அவர் கண்முன் வந்தது. அமிலத்தையே தொடாமல் ஒரு மணி நேரம் தொங்கிவிட்டு, கடைசியில் மற்றதோடு சேர்ந்து இறங்கும் துளி.

கை கழுவப் போனார். பத்து எண்ணுவதற்குள் கழுவிவிட்டு வருகிறவர், அன்று வெகுநேரம் தேய்த்தார். கட்டைவிரல் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

திரும்பி வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையில நான் மாத்தல மேடம். முதல் தொட்டியிலேயே விட்டுட்டேன். மாத்தினதா எழுதிக் கையெழுத்தும் போட்டேன்."

"தெரியும் அண்ணே. ரெண்டாவது தொட்டி காஞ்சு கிடந்துச்சு."

ஏகாம்பரம் சட்டென்று நிமிர்ந்தார்.

"தெரிஞ்சேவா என்கூட மஞ்சத்தண்ணி கலக்கிட்டிருந்தீங்க? முகத்துல அடிச்ச மாதிரி கேட்டிருக்கலாமே!"

அமலோற்பவம் குளிரறைக் கதவைத் திறந்தார். காலையில் எடுத்த மருந்தின்மேல், வெளியே அனுப்பாமல் நிறுத்தி வைக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. தேதி, நேரம், தொட்டி எண் எல்லாம் அமலோற்பவத்தின் கையெழுத்தில்.

காரணம் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பேனா இருக்கா அண்ணே?"