மூடியின் மேல் அரக்கு

மடத்தின் பழைய கார் ஆறாவது மைலில் இருமி, குலுங்கி, நின்றது. சீடர் அறவாழி சாவியை நான்கு முறை திருகினார். இயந்திரம் முனகியதேயன்றி உயிர் பெறவில்லை.

பின்னிருக்கையில், மடியில் துணிமூட்டையுடன், தோட்டக்காரர் பிச்சாண்டி அமர்ந்திருந்தார். வண்டியைக் கெடுக்கப் பெட்ரோலில் சர்க்கரை கலக்கிறார் என்பது அவர்மீது அறவாழி எழுதிய புகார். அவரைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடத்தான் அந்தப் பயணம்.

"பார்த்தீர்களா சுவாமி? போகும்போதும் கைவரிசையைக் காட்டிவிட்டான்," என்றார் அறவாழி, முன்னிருக்கையில் அருகே இருந்த குருநாதரிடம்.

"மூட்டையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன் சாமி. கைவரிசைக்குக் கை ஏதுங்க?" என்றார் பிச்சாண்டி.

குருநாதர் சிரித்தார். "மடப்பள்ளியில் பாயசத்துக்கே சர்க்கரை போதவில்லை, அறவாழி. வண்டி எப்போதிலிருந்து இப்படி நிற்கிறது?"

"தை மாதம் முதல். இவன் வேலைக்குச் சேர்ந்ததும் தை மாதம்தான்."

"நின்றால் என்ன செய்வாய்?"

"பெட்ரோல் தொட்டியைத் திறந்து சோதிப்பேன். பிறகு வண்டி கிளம்பிவிடும். மீண்டும் மூடி, அரக்கு உருக்கி ஊற்றி, மடத்து முத்திரையைப் பதிப்பேன்."

"அரக்கு எப்போது முதல்?"

"இவன் வந்த மறுநாள் முதல்."

குருநாதர் இறங்கி வண்டியின் பின்புறம் சென்றார். பெட்ரோல் தொட்டியின் மூடி முழுவதையும் சிவப்பு அரக்கு மறைத்திருந்தது.

"முத்திரை உடையவில்லையே?"

"அதுதான் சுவாமி இவன் சாமர்த்தியம்."

குருநாதர் புகார்க் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அதன் நான்கு தாள்களையும் கோத்திருந்த குண்டூசியை உருவி, மூடியின் நடுவே அரக்கில் குத்தினார்.

உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும் ஓசை வெகுநேரம் கேட்டது.

"இங்கே ஒரு துளை இருப்பதை அறிவாயா?"

"அறிவேன் சுவாமி. சர்க்கரை அதன் வழியாகத்தான் போகுமென்று முதலில் அதைத்தான் அடைத்தேன்."

"பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டாமா? வராவிட்டால் தொட்டி எப்படிப் பெட்ரோலைக் கீழே விடும்? போய்ச் சாவியைத் திருகு."

மூன்றாவது திருகலில் வண்டி கிளம்பியது. பிச்சாண்டி மூட்டையின் மேலிருந்து கையை எடுத்தார்.

குருநாதர் முன்னிருக்கையில் அமர்ந்து, குண்டூசியைச் சீடரிடம் நீட்டினார். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

அறவாழி கண்ணாடி வழியே பின்னிருக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"துளையைத் திறந்தே விட்டால், யாரேனும் எதையேனும் போட்டுவிட மாட்டார்களா, சுவாமி?"

"போடலாம்," என்றார் குருநாதர். "வண்டியை மடத்துக்குத் திருப்பு."