வேலாத்தாள் மேலே ஏறிய கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடுகள் மட்டுமில்லை, நம் உடம்பின் உயிரணுக்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. உலகத்தின் முதல் பிள்ளை அப்போது தாயின் வயிற்றில் இருந்தது. அதன் தோலில் அடித்தெரு என்று ஒரே ஒரு தெருதான். வேலாத்தாள் என்ற உயிரணு அங்கேதான் அக்கா தங்கைகளோடு குடியிருந்தாள்.

ஒருத்தி இருவராவது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. வீட்டுக்கு வீடு ஒரு தமுக்குக்காரன், "பெருகு, பெருகு" என்று அடித்துக்கொண்டே இருப்பான். அவர்களும் அதையே பெரும் பாக்கியமாக நினைத்துப் பூரித்துக் கிடந்தார்கள். நல்ல ஜனங்கள்தான், ஆனால் தலைக்கு மேல் கூரை இல்லை என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வீடு ஒரு குள்ளனும் உண்டு; வேலாத்தாள் வீட்டு மூலையில் சிட்டான் என்ற குள்ளன் சுருண்டு கிடந்தான். ஒரு பொருளும் செய்யத் தெரியாதவன், தண்டச்சோறு என்று பெயர் வாங்கியவன். ஒருநாள் அவன்தான் பதறிக்கொண்டு வந்தான்.

"அக்கா, தாய்க்கு வலி கண்டிருச்சுங்க. வெளிய வெயிலு, காத்து. மேல மூடறதுக்கு ஆளில்லீன்னா பிள்ளையோட உடம்புத் தண்ணி பூராவும் வத்திப் போயிருமுங்க."

வேலாத்தாள் கேட்டாள்: "மேல ஏறிட்டா எனக்கு அப்பறம் பிள்ளை பொறக்குமா, சிட்டா?"

"பொறக்காதுங்க."

அவள் கூரையில்லாத மேற்பக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "தமுக்குச் சத்தம் கேக்கற வரைக்கும் என் காலு நகராது. நீ அவன் கையைப் பிடி" என்றாள்.

சிட்டான் தாவி, தமுக்குக்காரனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வீடு அமைதியானது. வேலாத்தாள் அழுதாள், அழுதுகொண்டே ஏறினாள். மேலே போய்ப் படர்ந்து, இறுகி, கெட்டிப்பட்டாள். அதைப் பார்த்துத் தங்கைகளும் தங்கள் வீட்டுக் குள்ளர்களை எழுப்பித் தமுக்கை நிறுத்திவிட்டு, பின்னாலேயே ஏறி அவள் கையைக் கோத்துக்கொண்டார்கள். எல்லோரும் போய்விட்டால் அடுத்து அனுப்ப ஆள் ஏது என்று பெரியக்கா மட்டும் சில பேரோடு கீழேயே நின்றாள்.

பிள்ளை பிறந்தது. காற்று அடித்தது, வெயில் அடித்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. கணீரென்று அது அழுத சத்தத்தைக் கேட்டு வேலாத்தாள் பூரித்துப்போனாள். பின்னொரு நாள் அவள் உலர்ந்து உதிர்ந்தபோது, பெரியக்காவின் மகள் ஒருத்தி அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

தான் எந்தப் புரதமும் செய்யாமல், உயிரணுவுக்குள் மற்ற கட்டளைகளை அடக்கிவைக்கும் சிட்டானின் வம்சத்தைத்தான் இப்போது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறார்கள். அன்று முதல்தான் தோலின் அடியில் இருப்பவர்கள் பெருகுகிறார்கள், மேலே ஏறியவர்கள் பெருகுவதை விட்டு நம்மைக் காக்கிறார்கள். குளிக்கும்போது திரிதிரியாக உருண்டு வருகிறதே, அழுக்கென்று தேய்த்துவிடுகிறோமே, அதில் காவல் முடித்துப் போகும் வேலாத்தாள்களும் இருக்கிறார்கள்.