அரைக் குவளைத் தண்ணீர்

கேளுங்கள் பெரியவர்களே, மடியில் கிடக்கிற சின்னவர்களே, நீங்களும் கேளுங்கள். ஒரு நாட்டுக்குக் கடலும் மலையும் பாலையும் மூன்று பிள்ளைகளாக வாய்த்திருந்த காலம் அது.

அந்த நாட்டுக்குத் திரைமாறன் என்றொரு அரசன். கடற்கரையில் பிறந்தவன். அவன் ஊரில் வந்தவருக்குச் செம்பு வழிய வழியத் தண்ணீர் கொடுப்பார்கள். செம்பு குறைந்திருந்தால், வந்த வழியே போ என்று அர்த்தம்.

முடி சூடியதும் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டான். கடற்கரை மக்கள் இளநீரைச் சீவி நீட்டினார்கள், வழிந்தது. அரசன் முகம் மலர்ந்தான். மலைமக்கள் மூங்கில் குழாயில் அருவி நீரைப் பிடித்து நீட்டினார்கள், அதுவும் வழிந்தது. இன்னும் மலர்ந்தான். மூன்றாவதாகப் பாலைக்குப் போனான்.

பாலை வெயிலில் பொறுமை யாருக்கு இருக்கும்? தண்ணீர்த் தோல்பைகளைச் சுமந்த ஒட்டகங்கள் பின்னால் மெல்ல வரட்டும் என்று, இரண்டு வீரர்களோடு குதிரையை முடுக்கினான். நண்பகலில் நாக்கு வறண்டு ஒரு குடிசை முன் இறங்கினான்.

அது கொற்றி என்பவளின் குடிசை. அவள் கணவன் தூரத்து ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான், திரும்ப மறுநாளாகும். உள்ளே அவளுடைய சின்ன மகள் காய்ச்சலில் கிடந்தாள். கொற்றி உள்ளே போய் வந்து, இரண்டு கையாலும் ஒரு குவளையை நீட்டினாள். அதில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

அரசனுக்கு முகம் கறுத்தது. "எல்லோரும் வழிய வழியக் கொடுத்தார்கள். நீ எனக்கு அரைக் குவளை நீட்டுகிறாயா?" என்று அதை மணலில் கொட்டினான். கோபம் முன்வாசலில் நுழைந்தால் புத்தி பின்வாசலில் போய்விடும். முடி வைத்த தலைக்கும் அதே கதிதான். "பானைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெரியட்டும்" என்று வீரர்களுக்கு ஆணையிட்டான்.

கவிழ்த்தார்கள். முதல் பானை காலி. இரண்டாவது பானை காலி. மூன்றாவது பானையிலிருந்து அரைக் குவளைத் தண்ணீர் தரையில் விழுந்தது.

கொற்றி அழவில்லை. "ஒரு குவளைதான் இருந்துச்சு, ராசா. பாதி வந்தவங்களுக்கு, பாதி எம் மகளுக்குன்னு பிரிச்சேன்" என்றாள். பிறகு ஈர மண்ணை முந்தானையில் அள்ளிப் பிழிந்து, மகளின் உதட்டில் வைத்தாள்.

அரசன் அப்படியே நின்றான். ஐயோ, நின்று என்ன பயன். ஒட்டகங்களை விரைந்து கூட்டிவர வீரர்களை விரட்டினான். தன் பட்டு மேலாடையால் குழந்தைக்கு விசிறினான். ஒட்டகங்கள் வந்து சேர மாலையாயிற்று. குழந்தை அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டது.

வாசல் முழுக்கத் தண்ணீர்ப் பைகள் இறங்கின. அரசன் கொற்றியின் காலடியில் உட்கார்ந்து, தலை நிமிராமல், "என்ன தண்டனை வேண்டுமானாலும் சொல், தாயே" என்றான்.

கொற்றி மகளின் மேல் துணியை இழுத்து மூடினாள். எழுந்து போய், ஒரு பையை அவிழ்த்துத் தண்ணீர் எடுத்து வந்து அவன் முன் வைத்தாள்.

"வந்ததுலேருந்து நீங்க ஒண்ணும் குடிக்கலை. விருந்தாளியைத் தாகத்தோட அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை."

அரசன் குடித்தான். விக்கி விக்கிக் குடித்தான்.

ஆகையால் கேட்டவர்களே, ஒருவர் கொடுத்தது எவ்வளவு என்று பார்க்காதீர்கள், கொடுத்த பின் அவரிடம் மிஞ்சியது எவ்வளவு என்று பாருங்கள்.