மூக்காண்டி பார்க்காமல் விட்டது

ஒரே ஒரு ஊரில், பாசிப்பட்டி என்று பேர், குருவம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். பாசிமணி மாலை கட்டுவதுதான் அவள் பிழைப்பு. அவளுக்கு ராக்கு என்று ஒரு பெண் குழந்தை, தவழ்கிற வயது. கையில் அகப்பட்டதெல்லாம் நேரே வாய்க்குத்தான் போகும். எறும்பு, செங்கல் துண்டு, பூனை வால், எல்லாம் ருசி பார்த்தாயிற்று. சிரிக்காதே, நீயும் அப்படித்தான் இருந்தாய்.

அந்த ஊர் ராசாவுக்கும் அதே வயதில் ஒரு பிள்ளை. ராணி இடுப்பில் ஏறினால் போதும், கழுத்து மாலையைப் பிடித்து ஒரே இழு. முதல் நாள் நூல் மாலை. இழுத்தான், அறுந்தது, மணி உருண்டது, மந்திரி வழுக்கி விழுந்தார். இரண்டாம் நாள் பட்டுக்கயிற்று மாலை. இழுத்தான், அறுந்தது, மணி உருண்டது, தளபதி விழுந்தார். மூன்றாம் நாள் அரண்மனை நகைக்காரன் மூக்காண்டி கம்பியில் கட்டினான். கம்பி முனையைச் சும்மா கொக்கி மாதிரி வளைத்து மணிக்கு மணி மாட்டியிருந்தான். இழுத்தான், கொக்கியெல்லாம் வாயைப் பிளந்தது, மணி உருண்டது, ராசாவே விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே ராசா சொன்னாராம்: "நாளைக்கு அறுந்து போகாத மாலை கொண்டு வர்றவங்கதான் இனிமே அரண்மனை நகைக்காரர். பொய் பித்தலாட்டம் பண்ணினா ஊரைவிட்டே துரத்திடுவேன். இப்ப என்னைத் தூக்குங்கடா!"

வேலை போய்விடுமே என்று மூக்காண்டி தெருவுக்கு ஓடினான். அவன் ஒரு தெருவில் திரும்பினால் முதலில் மூக்கு திரும்பும், கொஞ்சம் பொறுத்துத்தான் ஆள் திரும்புவான். அவ்வளவு மூக்கு. நேரே குருவம்மா வீட்டுப் பின்சுவருக்குப் போனான். அங்கே ஒரு ஓட்டை. மூக்கை உள்ளே விட்டால்தான் கண் ஓட்டைக்கு எட்டியது, விட்டான்.

குருவம்மா மணிக்குள் பித்தளைக் கம்பியை விட்டாள். குறட்டால் பிடித்து, முட்டியை மடக்குகிற மாதிரி மடக்கினாள். குறட்டு முனையைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள். அதில் அடுத்த மணியின் வளையத்தை மாட்டினாள். அப்புறம் மீதிக் கம்பியை வளையத்தின் கழுத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மிச்சத்தைக் கத்தரித்தாள்.

"அட, இவ்வளவுதானா!" என்று மூக்காண்டி நினைக்கவும், சுவரோரம் தவழ்ந்து வந்த ராக்கு ஓட்டையில் தொங்கின மூக்கைப் பார்த்தாள். பார்த்தால் விடுவாளா? இரண்டு கையாலும் பிடித்தாள், வாய்க்கு இழுத்தாள்.

"விடு தாயே, விடு தாயே, விடு தாயே!" எப்படியோ பிடுங்கிக்கொண்டு ஒரே ஓட்டம். கத்தரித்த பிறகு குருவம்மா என்ன செய்தாள் என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

மறுநாள் சபையில் இரண்டு மாலை, ஒரே மாதிரி கட்டு. மூக்காண்டி முந்திக்கொண்டான். "மகாராசா, இவ என் வேலையைப் பார்த்துத் திருடினவ! துரத்துங்க!"

"ஐயா, நானா?" குருவம்மா ராக்குவை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். கைக்குழந்தையோடு எந்த ஊருக்குப் போவாள்?

ராணி இரண்டு மாலையையும் போட்டுக்கொண்டாள். பிள்ளை அதை இழுத்தான், இதை இழுத்தான், தொங்கியும் பார்த்தான். இரண்டுமே அறுந்து போகவில்லை. ராசா தாடியைச் சொறிந்தார். இழுத்து அலுத்த பிள்ளை மூக்காண்டி மாலையை வாய்க்குக் கொண்டு போனான்.

குருவம்மா ஒரே பாய்ச்சல்! மாலைக்கும் வாய்க்கும் நடுவில் கையைக் கொடுத்துவிட்டாள். காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள்.

"குத்துறதுன்னா குத்துங்க. பிள்ளை வாய்ல மட்டும் அது போகக் கூடாது." விரலைக் காட்டினாள். பொட்டுப் பொட்டாக ரத்தம்.

ராசா கேட்டார்: "மூக்காண்டி, கம்பியைக் கத்தரிச்ச பிறகு என்ன பண்ணுவே?"

"கை கழுவிட்டுச் சாப்பிடப் போவேன், மகாராசா."

"நீ என்னம்மா பண்ணுவே?"

"வெட்டின முனையைக் குறட்டால உள்ளே அமுக்குவேங்க. அப்புறம் மாலை முழுசையும் என் கன்னத்துல தேய்ச்சுப் பார்ப்பேன். கீறுச்சுன்னா மறுபடி அமுக்குவேன். வீட்டுல எதையும் வாயில வைக்கிற பிள்ளை இருக்குதுங்களே."

அதற்குள் அவள் இடுப்பிலிருந்த ராக்கு, "ஆ! ஆ!" என்று மூக்காண்டியின் மூக்குக்குக் கை நீட்டினாள். மூக்கில் பத்து நகக்குறி. ராசா ஒவ்வொன்றாக எண்ணினார்.

"சுவத்து ஓட்டையில..." என்று மூக்காண்டி ஆரம்பித்தான். சட்டென்று மூக்கைக் கையால் மூடிக்கொண்டான்.

"துரத்துங்கடா இவனை!"

"வேண்டாங்க," என்றாள் குருவம்மா. "எங்கிட்டயே விடுங்க. வேலை இருக்கு."

அன்றிலிருந்து குருவம்மா அரண்மனை நகைக்காரி. கட்டி முடித்த மாலையை எல்லாம் மூக்காண்டி தன் மூக்கில் தேய்த்துப் பார்க்க வேண்டும். "ஆ" என்று கத்தினால் முனையை மறுபடி அமுக்க வேண்டும். கத்தாவிட்டால் மாலை அரண்மனைக்குப் போகும்.

பிள்ளை கைக்குப் போகிற சாமானை முதலில் நம் உடம்பில் உரசிப் பார்க்கணும், அவ்வளவுதான்.

கதையும் வளையமாச்சு, கம்பி முனை உள்ளே போச்சு. நீ வாயில் என்னடி வைத்திருக்கிறாய்? துப்பு. துப்பிவிட்டுத் தூங்கு.