குழந்தை எழாத உறுமல்

"மாஸ்டர், துப்பினா ரத்தம் வருது," என்றான் வேல்ராஜ்.

பெனிட்டா தோளில் கிடந்த தன் குழந்தையைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இப்படியே இன்னும் ஒரு மாசம் கத்தினா பேச்சே போயிடுமாம்."

"ஷோ எப்போ?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

வேல்ராஜ் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன். 'செங்குளவி' என்ற மெட்டல் இசைக்குழுவின் பாடகன். அதில் கிட்டாரும் டிரம்ஸும் த்ராஷ் என்கிற அசுர வேகத்தில் பாயும். அதன் மேல் டெத் மெட்டல் பாணியில் குரல் மிருகம் போல உறும வேண்டும். ஆறு வருடம் சொந்தப் பாட்டாகவே வாசித்து, இப்போதுதான் அவர்களுக்கு முதல் மேடை கிடைத்திருக்கிறது.

உறுமலில் பெனிட்டாவுக்கு இணையில்லை என்பார்கள். அவனைவிட எட்டு வயது சின்னவள். ஆனாலும் அவன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான்.

"பாடறதையே விட்டுடவா மாஸ்டர்? நீங்க சொன்னா விட்டுடறேன்."

"ஒரு வரி பாடுங்கண்ணா."

"இங்கயா? பாப்பா தூங்குதே."

"ஆமா."

அவன் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான்.

குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, யாரையாவது போட்டு அடிக்கிறாங்களா?"

"இல்ல சார். பாட்டு."

அவர் வேல்ராஜை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

குழந்தை மறுபடி தூங்க அரை மணி நேரம் ஆனது.

"இன்னொரு தடவை," என்றாள் பெனிட்டா. "பாப்பா எழக் கூடாது."

இந்த முறை பயந்து பயந்து பாடினான். குழந்தை அசையவில்லை.

"டயர்ல காத்து இறங்குற மாதிரி இருக்கு."

"பின்ன எப்படித்தான் பாடறது மாஸ்டர்? கத்தினா பாப்பா எழுந்துடுது. கத்தலைன்னா அது மெட்டலே இல்ல."

அவள் பக்கத்து அறையைக் காட்டினாள்.

அது அவளுடைய பயிற்சி அறை. சத்தம் வெளியே போகாதபடி சுவரெங்கும் பழைய மெத்தைகள். தடித்த கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒரு டிரம் செட். மைக்கை மட்டும் ஒயரோடு சுவர் ஓட்டை வழியே வெளியே இழுத்துக்கொண்டாள்.

"உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோங்க."

சாத்திக்கொண்டான்.

ஸ்பீக்கரில் வந்த அவள் உறுமலை முதலில் தரைதான் அறிந்தது. பிறகு அவன் உள்ளங்கால். பிறகு விலா எலும்புகள்.

படுத்திருந்த மலை ஒன்று மெல்லப் புரண்டது போலிருந்தது. யாரும் தொடாமலே டிரம் செட்டின் சிம்பல் தட்டுகள் சிணுங்கின. அவன் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவர் மெத்தையில் முதுகு இடித்து நின்றான்.

ஐயோ, குழந்தை.

கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திறந்த வாயிலிருந்து எச்சில் வழிந்து பெனிட்டாவின் தோளை நனைத்திருந்தது.

சட்டென்று வெளியே வந்து கதவை மூடினான். அவள் நிறுத்தவில்லை. உதடுகள் மைக்கைத் தொட்டபடி இருந்தன. அந்த மலை இங்கே, பக்கத்து அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தமாக இருந்தது. அவள் கழுத்தில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை. தொண்டைக் குழியின் மேல் குழந்தையின் கை விழுந்து கிடந்தது.

வேல்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு முடிந்தது. அவள் குழந்தையை எடுத்து அவன் தோளில் சாய்த்தாள். மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"எழுந்தா நீங்கதான் தூங்க வைக்கணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழந்தை கதகதப்பாக இருந்தது. அதன் வயிறு அவன் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது. தன் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் வரை காத்திருந்தான். பிறகு மைக்கில் உதட்டை வைத்தான்.

பாதிப் பாட்டில் குழந்தை ஒரு முறை வாயைச் சப்பியது. முகத்தை அவன் கழுத்தோரமாகத் திருப்பிப் புதைத்துக்கொண்டது.

கடைசி வரியும் முடிந்தது. வாயில் ரத்தச் சுவை இல்லை.

கதவு திறந்தது.

"கேட்டுச்சா மாஸ்டர்?" என்று கிசுகிசுத்தான்.

பெனிட்டா தன் கையை அவன் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புல்லரித்திருந்தது.