மச்சாது கோப்பையின் கடைசி விக்கெட்

ஒரு குடும்பத்தைப் பெருமைப்படுத்த நடந்த ஆட்டம் அந்தக் குடும்பத்தையே மூன்றாக உடைத்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

தூத்துக்குடியில் மச்சாது குடும்பம் என்றாலே கிரிக்கெட்தான். தகப்பனாரும் மூன்று பிள்ளைகளும் மாவட்ட அணிக்கு ஆடியவர்கள். மூத்தவன் கஸ்பார் பந்து வீச்சாளன். இளையவன் லெஸ்லி மட்டையாளன். நடுவில் பிறந்த பிலோமி ஆடி முடித்தபின் பரீட்சை எழுதி நடுவரானாள்.

அண்ணனும் தம்பியும் முதலில் கடலோரக் கிளப்பில் ஒன்றாகத்தான் ஆடினார்கள். ஒரு லீக் இறுதி ஆட்டத்தில் கஸ்பார் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்துவிட்டு அவுட் கேட்டான். பக்கத்தில் நின்ற லெஸ்லி, பந்து தரையில் பட்டதென்று நடுவரிடம் சொன்னான். அது உண்மை. ஆனால் அன்று கோப்பை போயிற்று, கஸ்பாருக்கு ஏமாற்றுக்காரன் என்ற பெயரும் வந்தது. அவன் எதிரணியான உப்பளக் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தகப்பனாரின் சவப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் சுமந்தபோதுகூட ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை.

தகப்பனார் இறந்த மறு ஆண்டு, இரண்டு கிளப்புகளும் சேர்ந்து மச்சாது கோப்பை என்று ஒரு நட்பு ஆட்டம் வைத்தன. அண்ணன் தம்பிக்கு நடுவர் யார் என்பதிலேயே தகராறு. கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் பிலோமி. அவள் மட்டுமே நடுவராக நின்றாள்.

பெயர்தான் நட்பு ஆட்டம். கஸ்பார் தம்பியின் விலா எலும்புக்குக் குறிவைத்தே வீசினான். லெஸ்லி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அண்ணனை உரசிக்கொண்டு ஓடினான்.

கடைசி ஓவர். கடலோரக் கிளப் வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். கஸ்பார் வீசிய பந்தை லெஸ்லி நேராக அடித்தான். அது கஸ்பாரின் முழங்காலுக்குக் கீழே மோதி அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கஸ்பார் விழுந்தான். சத்தம் போடவில்லை.

ஆடுகிறவனுக்குப் பலத்த அடி என்று தோன்றினால் நடுவர் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் அது செத்த பந்து; அதன்பின் அந்தப் பந்தில் யாரையும் அவுட் ஆக்க முடியாது. பிலோமி நிறுத்தவில்லை. கேட்டாள்.

"அண்ணே, அடி பலமா?"

"இல்ல. பந்து ஆட்டத்துலதான் இருக்கு."

லெஸ்லியும் இதைக் கேட்டான். ஆனால் அண்ணனின் கால் கோணிக் கிடந்ததையும் பார்த்தான். மட்டையாளன் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஓடிவந்து குனிந்தான். "கால அசைக்காதீங்க."

அத்தனை வருடங்களில் அவன் அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. கஸ்பார் படுத்தபடியே பந்தை எடுத்து அவனைத் தாண்டி எறிந்தான். லெஸ்லி விட்டு வந்த ஸ்டம்ப் சாய்ந்தது. கஸ்பார் அவுட் கேட்டான்.

"அவுட் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கிடுறீங்களா?" என்றாள் பிலோமி.

"அன்னைக்கு எனக்காக இவன் வாயை மூடுனானா? நீ தீர்ப்பைச் சொல்லு."

அவள் விரலை உயர்த்தினாள். லெஸ்லி திரும்பிப் பார்க்காமல் வெளியேறினான். உப்பளக் கிளப் ஒரு ஓட்டத்தில் வென்றது. கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோப்பையை வாங்கினான். அதன்பின் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கால் எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள்.

மறுநாள் பிலோமி இரண்டு கிளப்பாரையும் கூட்டி, "நான் கொடுத்த அவுட் தப்பு. அந்தப் பந்து அப்பவே செத்த பந்து. ஜெயிச்சது யாருமில்ல," என்றாள்.

கட்டுப் போட்ட காலோடு கஸ்பார் சீறினான். "கால் என்னோடது. வலி என்னோடது. பலமா இல்லையான்னு நான்தான் சொல்லணும்."

லெஸ்லியும் அவள் பக்கம் நிற்கவில்லை. "கோட்டை விட்டு நானாத்தான் வந்தேன். அவுட்டுன்னா அவுட்டு. அவன் கால் ஒடிஞ்சதால கிடைக்கிற எதுவும் எனக்கு வேண்டாம்," என்று எழுந்து போனான்.

வலியை மறைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தவன் ஒருவன். கொடுத்த தீர்ப்பைத் தானே தவறென்றவள் ஒருத்தி. தனக்குச் சாதகமான திருத்தத்தை உதறியவன் ஒருவன். இம்மூவரில் யார் செய்தது சரி?

என் விடை: பிலோமி. கால் கஸ்பாருடையதுதான், ஆனால் ஆட்டம் அவனுடையது மட்டுமல்ல. லெஸ்லி குனிந்தது சரி, ஆனால் திருத்தத்தை மறுத்தது ரோஷம். அந்த ரோஷத்துக்கு அவனோடு ஆடிய பத்துப் பேரும் தோற்றார்கள். பிலோமியும் மைதானத்தில் தவறினாள். கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டியவள், தம்பிக்குச் சாதகம் செய்தாள் என்ற பேச்சுக்குப் பயந்து, ஜெயிக்க நினைத்தவனிடமே கேட்டாள். ஆனால் யாரும் கேட்காமலேயே அதை ஒப்புக்கொண்டவள் அவள் மட்டும்தான். கோப்பையை உப்பளக் கிளப் திருப்பித் தரவில்லை. இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள்: இருவருமே பிலோமியிடம் பேசுவதில்லை.