மாற்றுத் தடத்தில் முதல் இடம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்து மூன்று.

மலையிலும் கடற்கரையிலுமாக இருந்த ஏழு மருத்துவமனைகளைத் தலைமை மருத்துவமனையோடு இணைக்கும் தனி வலையமைப்பு பர்வீனின் பொறுப்பில் இருந்தது. தொலைபேசித் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்த தேவசகாயம் அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சாலை தோண்டிய பொக்லைன் ஒன்று பிரதான கேபிளை அறுத்தது. சுவர்த்திரையில் ஏழு கோடுகள் சிவந்தன. கண் இமைப்பதற்குள் ஏழும் பச்சையாயின.

"மாறிடுச்சு மேடம்! மாற்றுத் தடத்துக்குத் தானா மாறிடுச்சு!" தேவசகாயம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்த ஏற்பாடு அவர் கைப்பட அமைத்தது.

தொலைபேசி அடித்தது. மலை மருத்துவமனை டாக்டர் ஜெபசீலி.

"ஸ்கேன் படம் உறைஞ்சு நிக்குது! ரப்பர் பால் வெட்டுற அம்மா, இதயத்தைச் சுத்தி நீர் கட்டியிருக்கு. அங்க தலைமை மருத்துவமனையில பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னாத்தான் நான் ஊசி இறக்க முடியும். நாடி விழுந்துட்டே இருக்கு."

பர்வீன் திரும்பினார். "பிரதான கேபிள்ல போறதுல பத்துல ஒரு பங்குதான் மாற்றுத் தடத்துல போகும். யாருக்கு முதல் இடம் போட்டிருக்கீங்க?"

"எல்லாருக்கும் மேடம்."

"எல்லாருக்குமா?"

"எது அவசரம்னு எழுதச் சொல்லி ஏழு பேருக்கும் பட்டியல் அனுப்பினேன். எல்லாமே அவசரம்னு எழுதிட்டாங்க. வருகைப் பதிவைக்கூட. அப்படியே போட்டுட்டேன்."

"வருகைப் பதிவு! நல்லாயிருக்கு."

"இப்பவே மாத்துறேன். புது வரிசையை ஏழு ஊர் ரூட்டர் பெட்டிக்கும் ஏத்த இருபது நிமிஷம் போதும்."

"அந்த அம்மாவுக்குப் போதாது."

பர்வீன் எழுந்து அலமாரியின் பின்னால் போய் ஒரு கேபிளைப் பிடுங்கினார். சுவர்த்திரை இருண்டது.

"ஐயோ மேடம், அது நம்ம கண்காணிப்பு லைன்! எங்க என்ன நடக்குதுன்னு இனிமே நமக்கே தெரியாது!"

"தெரியாது" என்றபடி பர்வீன் தொலைபேசியை எடுத்தார். மற்ற ஆறு மருத்துவமனைகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

"பர்வீன் பேசுறேன். மலையில ஒரு உயிர் போராடிட்டிருக்கு. எங்க லைனை மொத்தமா பிடுங்கிட்டேன், கண்ணைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கோம். நீங்க எதை நிறுத்துவீங்க?"

ஒருவர் கேமராக்களை நிறுத்தினார். ஒருவர் மருந்துக் கிடங்குக் கணக்கை. இன்னொருவர் எக்ஸ்ரே அனுப்புவதை மாலைக்குத் தள்ளினார். கடற்கரை மருத்துவமனைக்காரர் மட்டும் இழுத்தார்.

"இங்க பயிற்சி வகுப்பு நடக்குது மேடம்..."

"என்ன பயிற்சி?"

"கிரிக்கெட்தான். நிறுத்திட்டேன்."

பிறகு கூப்பிட யாரும் இல்லை. தேவசகாயம் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"படம் ஓடுதா மேடம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

தொலைபேசி ஒரு முறை அடிப்பதற்குள் அவரே பாய்ந்து எடுத்தார். மறுமுனையில் ஜெபசீலி கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"ஓடுச்சு சார், படம் ஓடுச்சு! ஊசி இறக்கிட்டேன், நீர் இறங்குது, நாடி ஏறுது! கண்ணைத் திறந்து என் செருப்பு எங்கன்னு கேட்குது அந்த அம்மா!"

தேவசகாயம் மேசையைத் தட்டினார். சிரித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் தட்டினார்.

படபடப்பு அடங்கியதும் கேட்டார்: "நானும் இதே ஆளுங்ககிட்டத்தான் கேட்டேன் மேடம். எனக்கு வருகைப் பதிவைக்கூட விட்டுத் தரல. உங்களுக்கு மட்டும் எப்படித் தந்தாங்க?"

"அண்ணே, அந்தப் பட்டியலை வெறுமனேயா அனுப்பினீங்க? முதல் வரியில நம்ம அறையோட பேரை எழுதி, பக்கத்துல அவசரம்னு போட்டுத்தானே அனுப்பினீங்க."

தேவசகாயம் இருண்ட திரையைப் பார்த்தபடி நின்றார்.